மூன்று கிராமபோன்களும் அப்பாவின் வலது காதும்

குள்ளஞ்சாவடி சவுண்ட் சர்வீஸ் கடையில், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் சீரியல் பல்பு மூட்டைகளுக்கும் நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சூட்கேஸுக்குள் தலையை விட்டபடி இருந்தார் அப்பா. பார்க்கத்தான் அது சூட்கேஸ். மூடியைத் திறந்தால் உள்ளே தட்டு, வளைந்த கை, அதன் நுனியில் வட்டமாக ஒரு தகட்டுப் பெட்டி, அதில் ஊசி. பக்கவாட்டில் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் ஸ்பிரிங் ஏறித் தட்டு சுழலும். கரண்டே வேண்டாம். கடைக்காரர் சுற்றிவிட்டு, நாங்கள் கொண்டுவந்த பழைய பாட்டு பிளேட்டை வைத்து ஊசியை இறக்கினார். பெட்டிக்குள் ஸ்ஸ்ஸ் என்று மழை பெய்தது. மழைக்கு அப்பால் எங்கோ ஓர் ஆர்மோனியம். அப்பா தலையை எடுத்து என்னைப் பார்த்தார்.

"போட்டாச்சா?" என்று கேட்டார்.

பிளேட் பாதி ஓடியிருந்தது. நான் உள்ளங்கையை விரித்து நெஞ்சுக்கு நேரே காட்டினேன். ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவர் மறுபடியும் வலது காதை உள்ளே கொடுத்தார்.

கடைக்காரர் என்னிடம், "பெருசுக்கு சுத்தமா அவுட்டா?" என்றார்.

"வலது பக்கம் கொஞ்சம் இருக்குதுண்ணே."

"அப்ப இந்தப் பொட்டி தாங்காது தம்பி. கல்யாணத்துக்கு எடுத்துகினு போனா கொழந்தைங்க சுத்தி நின்னு வேடிக்கை பாக்கும், அவ்ளோதான். சத்தம் வேணும்னா சொல்லு, ரெண்டு பாக்ஸ் போட்டு வுடறேன், குறிஞ்சிப்பாடி வரைக்கும் கேக்கும்."

அதையும் செய்து பார்த்தோம். பெட்டியின் முன்னால் போனை வைத்துப் பதிவு செய்து, அதை ஆளுயர பாக்ஸில் போட்டார். எதிர்க்கடை பரோட்டா மாஸ்டர் வெளியே வந்து பார்த்தார். அப்பா காதைப் பொத்திக்கொண்டு முஷ்டியை மடக்கித் தூக்கினார். நிறுத்து.

"கரண்டியால சட்டிய சொரண்டற மாரி இருக்குதுடா. இதுல எங்கடா எங்கப்பன்?"

அவர் கேட்க வந்தது அவருடைய அப்பாவின் குரலை.

என் தாத்தா ஒரு கூத்து ஜமாவில், கூத்தாடும் குழுவில், பின்பாட்டு. ராஜா வேஷம் கட்டியவர் ஓர் அடி பாடினால் அதை வாங்கித் திருப்பிப் பாட வேண்டும். ராஜா வசனம் பேசினால் பின்னால் நின்று "ஆமாம்" போட வேண்டும். வேஷம் கிடையாது, ஆட்டம் கிடையாது, திரைக்கு முன்னால் வந்தாலும் யாரும் அவரைப் பார்க்க மாட்டார்கள். அந்த ஜமாவை ஒரு பிளேட் கம்பெனி மெட்ராஸுக்கு அழைத்துப்போய்ப் பாட வைத்தது. பிளேட்டின் நடுவில் ஒட்டிய சிவப்பு லேபிளில் ராஜா வேஷக்காரர் பெயர் மட்டும் இருக்கிறது. தாத்தாவுக்குப் போட்டோ கிடையாது. அப்பாவுக்கு நினைவு தெரிவதற்குள் அவர் போய்விட்டார். பிறகு ஒரு திருவிழாவில் மைக்செட்டுக்காரர் இந்த பிளேட்டைப் போட்டபோது, அப்பாவைத் தூக்கிவைத்துக்கொண்டு யாரோ சொன்னார்களாம், "பாட்டு முடியறப்ப பின்னால ஒரு கொரல் வருது பாரு, அதான்டா உங்கப்பன்."

"கட்டக் கொரல்டா," என்று அப்பா நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். "கொடத்துக்குள்ள தலைய வுட்டுப் பேசற மாரி."

ஊரும் வீடும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது மற்ற சாமான்களோடு அந்த பிளேட்டும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்கு வந்தது. நிலம் கொடுத்ததற்காக அப்பாவுக்கு வேலை கிடைத்தது, பிறகு பர்மனென்ட் ஆனது. எங்களிடம் மெஷின் இருந்ததில்லை. பிளேட்டை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். ஷோகேஸில் சாமி படங்களுக்குப் பக்கத்தில், வெல்வெட் துணி விரித்து, லேபிள் தெரிய மல்லாத்தி வைத்திருந்தது. அதன் காகித உறையை எலி எப்போதோ தின்றுவிட்டது. எங்கள் பிளாக்கில் விடிந்ததும் பெண்கள் செய்யும் முதல் வேலை ஈரத்துணி எடுத்துத் தூசி துடைப்பது. கோலம்கூட அதற்கப்புறம்தான். இங்கே காற்று சும்மா வராது, மண்ணையும் கரியையும் பொடித்து எடுத்துக்கொண்டுதான் வரும். அம்மா முதலில் டிவி, அப்புறம் சாமி, அப்புறம் பிளேட் என்று துடைப்பார். பிளேட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்துவிட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். தான் பார்த்தே இராத மாமனாருக்கு.

அப்பாவுக்குக் காது ஏன் போனது என்று கேட்டால் டாக்டர் வயது, சர்க்கரை, சத்தம் என்று அடுக்கினார். சுரங்கத்தில் கரியைச் சுமந்துகொண்டு பெல்ட் ஓடும் இடத்தில் காதுக்கு மூடி கொடுத்துத்தான் இருந்தார்கள். அப்பா அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். பெல்ட்டுக்கு அடியில் ஒரு உருளை கெட்டுப்போனால் முதலில் சத்தம்தான் மாறுமாம், காதை மூடிக்கொண்டால் அது எப்படித் தெரியும் என்பார். இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதில் தணிந்த சுருதிச் சத்தங்கள் மட்டும் மிச்சம். லாரி, இடி, மேளம். குக்கர் விசில், குருவி, அம்மாவின் குரல் எல்லாம் முன்பே போய்விட்டன. காதைச் சோதிக்கும் பெண் ஒவ்வொரு முறையும் காகிதத்தில் ஒரு கோடு வரைந்து காட்டுவார். காகிதத்தின் வலது பக்கம், கீச்சுச் சத்தங்களுக்கான இடத்தில், சரிந்து இறங்கும் கோடு. கடைசியாகப் போனபோது அது காகிதத்தின் இடது பக்கத்தில், தணிந்த சத்தங்களுக்கான இடத்திலும் இறங்கத் தொடங்கியிருந்தது.

"இதுவும் போயிடுமா?" என்று நான் கேட்டேன்.

"மெஷின் வெச்சுக்கச் சொல்லுங்க சார், இருக்கறத யூஸ் பண்ணிக்கலாம்," என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை, ஆனாலும் பதில் தெரிந்துவிட்டது. அப்பா அந்தக் காது மெஷினைச் சில நாள் மாட்டிவிட்டுக் கழற்றிச் சோப்பு டப்பாவில் போட்டுவிட்டார். சத்தம் பெரிதாகிறது, பேச்சு பெரிதாகவில்லை என்று புகார்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவர் என்னிடம் கேட்டார். அவராக ஒன்று கேட்டு நான் பார்த்ததில்லை. "முழுசா அடைக்கறதுக்குள்ள அந்த பிளேட்ட ஒரு தபா கேக்க முடியுமாடா?"

தாத்தாவுடையது கட்டைக் குரல். காதில் மிச்சம் இருப்பதும் தணிந்த சத்தம். இரண்டும் பொருந்தியது. அந்தப் பொருத்தத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான், டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். ஊசி, தகடு, ஸ்பிரிங், குழாய் என்று கைக்கும் கண்ணுக்கும் எட்டும் ஒரு விஷயம் இது, சரியான மெஷினைக் கண்டுபிடித்தால் போதும் என்று நம்பினேன். ராத்திரியில் போனில் தேடித் தேடிப் படித்தேன். சின்னப் பெட்டியில் தணிந்த சத்தம் வெளியே வர இடம் இருக்காது, நீளமான குழல் வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். சூட்கேஸ் மெஷின் தோற்றதற்குக் காரணம் கிடைத்ததும் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரண்டாவது மெஷின் வடலூர் ரோட்டில், கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்கிறவரிடம் இருந்தது. பெரிய பித்தளைக் குழல், பூசணிப்பூ மாதிரி விரிந்து பளபளவென்று. பொண்ணும் மாப்பிள்ளையும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்களாம்.

"வெள்ளைக்காரன் காலத்து பீஸு தம்பி. இத மாரி தமிழ்நாட்டுலயே இல்ல," என்றார்.

அடிப்பலகையைத் தொட்டேன், புது வார்னிஷ் கையில் ஒட்டியது. ஸ்குரூக்கள் எங்கள் பட்டறை ஸ்குரூக்கள். புதிதாகச் செய்த போலி. போட்டோவுக்கு நிற்பவர்களுக்கு அது போதும். நான் பிளேட்டை வைத்தேன். டின்னுக்குள் சரளைக்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அதோடு ஸ்பிரிங் சோர்ந்திருந்தது, தட்டு வேகம் பிடிக்காமல் இழுத்து இழுத்துச் சுற்றியது. ஆர்மோனியம் அழுகிற எருமை மாதிரி இறங்கியது. பாட்டு முடியும் இடம் வந்தது.

குழலுக்குள் காதை விட்டிருந்த அப்பா திடீரென்று, "தோ! என்னமோ கேக்குது!" என்றார்.

"மெஷின் சரியில்லப்பா, வேகமே இல்ல," என்று நான் கத்தினேன், கையை ஆட்டினேன். அவருக்குப் புரியவில்லை. நான் ஊசியைத் தூக்கிவிட்டேன். தப்பான வேகத்தில் ஓடும் பிளேட்டைக் கேட்டு அவர் ஏமாறக் கூடாது என்று நினைத்தேன்.

"என்னா தம்பி, அவருதான் கேக்குதுங்கறாரு, நீ என்னா நடுவுல?" என்றார் அலங்காரக்காரர்.

அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே பிளேட்டைத் துண்டில் சுற்றினேன்.

அதற்குப் பிறகு எதுவும் கிடைக்கவில்லை. வேலை முடிந்து வந்து கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி என்று விசாரித்தேன். பிளாக் வாட்ஸ்அப் குழுவில், சாவி கொடுக்கும் கிராமபோன் யாரிடமாவது இருக்கிறதா என்று போட்டேன். நாலைந்து குட்மார்னிங் பூக்கள் வந்தன. வீட்டில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. திரும்புகிறாரா என்று பார்ப்பேன். முதலில் திரும்பினார். பிறகு கதவை அறைந்தால் திரும்பினார். ஒரு நாள் கதவை அறைந்தும் திரும்பவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து, "கதவ ஏன்டா ஒடைக்கற?" என்று கேட்டார். நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வாரம்தான் இன்னொரு பிளாக்கிலிருந்து ஒரு ரிட்டயர் ஆன டீச்சரம்மா போன் செய்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பழைய பாட்டெல்லாம் சேர்த்துவைத்த கணவர் இறந்துவிட்டார், இவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சென்னைக்கு மகனிடம் போகிறார்.

"சீக்கிரம் வாங்க தம்பி. அவுக மெஷின கடைக்காரன் ஒருத்தன் பேசி முடிச்சிட்டான். வண்டி வந்துட்டா எங்கையில ஒண்ணும் இல்ல பாத்துக்கிடுங்க."

அது பீரோ மாதிரி நின்றது. தேக்கு. மேலே மூடி, கீழே இரண்டு சின்னக் கதவுகள். குழல் வெளியே தெரியாது, பெட்டிக்குள்ளேயே மடங்கி மடங்கிப் போய் அந்தக் கதவுகள் வழியாக வாய் திறக்கிறது. டீச்சரம்மா முதலில் அவரிடமிருந்த ஒரு நாகசுர பிளேட்டைப் போட்டார். அப்பா அந்த அறையின் மூலையில், கட்டிவைத்த அட்டைப் பெட்டிகளோடு ஓர் அட்டைப் பெட்டியாக உட்கார்ந்திருந்தார். தவுல் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"தவுலு!" என்றார். எழுந்து வந்து மரத்தின் மேல் கையை வைத்தார். "டேய், தவுலுடா!"

துண்டைப் பிரித்து எங்கள் பிளேட்டை எடுத்தேன். புது ஊசி போட்டேன். அப்பா தரையில் உட்கார்ந்து கதவுகளுக்கு நடுவில் காதைக் கொடுத்தார்.

மழை. அதே மழை. இவ்வளவு நல்ல மெஷினில் இன்னும் பெரிய மழை. அதற்குள் மூழ்கிக்கொண்டே ஓர் ஆர்மோனியம். நான் ஊசியை மாற்றினேன். ஸ்பிரிங்கை முழுக்க ஏற்றினேன். தகட்டுப் பெட்டியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மறுபடி மழை. கையால் மூடியை ஓங்கித் தட்டிவிட்டேன்.

"மெஷின் மேல ஏன் கோவப்படுதீங்க?" என்றார் டீச்சரம்மா. "இப்பத்தான நல்லாப் பாடிச்சு?"

அவருடைய பிளேட்டையும் எங்கள் பிளேட்டையும் ஜன்னலுக்கு எடுத்துப்போய்ச் சாய்த்துப் பார்த்தேன். அவருடையது கறுப்பாக மின்னியது, வரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. எங்களுடையது சாம்பல் பூத்திருந்தது. வரிகளின் விளிம்பு மழுங்கி, கூழாங்கல் மாதிரி ஆகியிருந்தது. பாலிடெக்னிக் பட்டறையில் வால்வை வழவழப்பாக்குவதற்கு என்ன செய்வோம் என்று எனக்கு நினைவு வந்தது. நைஸான மணல்பொடியைப் பசையாகக் குழைத்து, வட்டமாக, மெதுவாக, பொறுமையாகத் தேய்ப்போம்.

ஈரத்துணி. எங்கள் ஊர்த் தூசி. சுற்றிச் சுற்றி. நான் பிறப்பதற்கு முன்பிருந்து, தினமும்.

படித்திராவிட்டால் அது எனக்குத் தெரிந்திருக்காது. அந்த ஜன்னலில் நின்றுகொண்டு நான் படித்ததற்காக அழுதேன்.

காது கேளாதவர்களிடம் மற்ற வீடுகளில் எழுதிக் காட்டுவார்கள். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும், அதுவும் படமாக. எங்களுக்கு இருப்பது பெல்ட்டுக்காரர்களின் கைஜாடைதான். தலைக்கு மேல் கையைச் சுழற்றினால் ஓட்டு, முஷ்டி மடக்கினால் நிறுத்து, உள்ளங்கை விரித்தால் நல்லபடி ஓடுகிறது. வீட்டில் சோறு போதும் என்பதற்குக்கூட அப்பா அம்மாவுக்கு முஷ்டிதான் காட்டுவார். ஆனால் நடந்ததைச் சொல்ல அந்த மூன்று ஜாடை போதாது.

வீட்டுக்கு வந்ததும் முன்னறையில் அவர் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "என்னாடா ஆச்சு?" என்றார். அம்மா அடுப்படியில் இருந்தார். நான் பிளேட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அம்மா துடைப்பதுபோல வட்டமாகத் துடைத்துக் காட்டினேன். அப்புறம் வரிகள் மேல் விரலை வைத்து, கையை விரித்தேன். ஒன்றுமில்லை.

அப்பா பிளேட்டையே பார்த்தார். பிறகு குனிந்து, என் காதோடு வாயை வைத்து, ரகசியமாக, "உங்கம்மாகிட்ட சொல்லிடாத" என்றார்.

அவர் அதை ரகசியம் என்றுதான் நினைத்தார். அவருடைய குரலை அவர் கேட்டு வெகு நாளாயிற்று. அந்த ரகசியம் மாடி வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"அவதான் தொடைச்சித் தொடைச்சித் தேச்சிட்டான்னு தெரிஞ்சா தாங்க மாட்டாடா!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"நானாடா?" என்று என்னைக் கேட்டார். "தூசியோட கெடக்கக் கூடாதுன்னுதானடா…"

அவரைப் பார்த்ததும் அப்பா முகம் மாறியது. "ஒண்ணுமில்ல புள்ள! பொட்டி சரியில்ல! பொட்டிதான்!" என்று கத்தினார். அம்மா தலையாட்டினார். உள்ளே போய்விட்டார். அழுகைச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது.

மறுநாள் காலையில் அம்மா துணியைத் தொடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. டிவி மேல், சாமி கண்ணாடி மேல், தூசி படிந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப்பார்த்து, "என்னாக்கா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். அப்பா சாப்பிட உட்கார்ந்தால் பாதியிலேயே முஷ்டி காட்டினார். நான் டீச்சரம்மாவுக்கு நன்றி சொல்லிவிடலாம், இனி அந்த மெஷின் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று போனை எடுத்துவிட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் கேட்கக்கூடியவர்கள் இரண்டு பேர் இருந்தோம், பேச யாரும் இல்லை.

சோறு போட்டுக்கொண்டே அம்மாதான் ஆரம்பித்தார். "அந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம்?"

"அடிப்பக்கம்டா. அத நா தொட்டதே கெடயாது. வெல்வெட்டு மேல கெடந்துது. லேபிளு தெரியணும்னு உங்கப்பாதான் அப்பிடியே வெக்கணும்னாரு."

அப்பாவிடம் பிளேட்டைத் திருப்பிக் காட்டிக் கேட்டேன். அவர் கையை ஆட்டினார். "அதுல அவரு பாட்டு இல்லடா. ராஜா பேசறது. இவரு சும்மா ஆமாம் போட்டுகினு இருப்பாரு."

"ஆமாம் போட்டா அது கொரல் இல்லியாமா?" என்றார் அம்மா. "கேளுடா அவர."

நான் டீச்சரம்மாவுக்குப் போன் செய்தேன். நாளைக்குக் காலையில் வண்டி என்றார். அம்மா புடவை மாற்றிக்கொண்டு, "நானும் வரேன்" என்று முன்னால் நடந்தார்.

அடிப்பக்கம் கறுப்பாக மின்னியது. துண்டால்கூட நான் அதைத் தொடவில்லை, வாயால் ஊதினேன். இரும்பு ஊசி ஒவ்வொரு தடவையும் வரியைச் சீவிக்கொண்டுதான் போகும், அதனால் இருப்பதிலேயே மெலிந்த ஊசியாக எடுத்துக்கொடுத்தார் டீச்சரம்மா. அப்பா கதவுகளுக்கு நடுவில் காதைக் கொடுத்தார். அம்மா அவர் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

மழை இல்லை. லேசான தூறல். மத்தளம் ஒரு சுற்று வந்து நின்றது, ராஜா பேசத் தொடங்கினார். தான் யார், எந்த நாடு, எத்தனை யானை. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆமாம்."

தாத்தாவின் குரல். அப்புறம்தான் புரிந்தது. அது கட்டைக் குரல் இல்லை. மெல்லிய, உச்சத்தில் ஏறிய, கம்பி மாதிரியான குரல். குக்கர் விசிலும் குருவியும் போன இடத்தில் இருந்த குரல். அப்பாவின் காதில் எந்த இடம் முதலில் போனதோ அங்கே.

அம்மாவும் அதைக் கேட்டார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அடுத்த "ஆமாம்" வந்தபோது ஒரு அழுத்து அழுத்தினார். அதற்கடுத்ததற்கும். அப்பா ஒவ்வொரு அழுத்துக்கும் காதை இன்னும் உள்ளே தள்ளினார்.

"மத்தளம் கேக்குது," என்றார். "கொரலு? எங்க?"

பிளேட் முடிந்தது. நான் மறுபடி போட்டேன். மறுபடியும் மத்தளம்தான் கேட்டது. அப்பா கதவுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலேயே, "வுடுடா. போலாம்" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. வாசலில் டெம்போ வந்து ஹாரன் அடித்தது. டீச்சரம்மா, "ஏ, செத்த நில்லுப்பா, ஆளு உக்காந்திருக்குல்லா?" என்று கத்திக்கொண்டே வெளியே போனார். நான் வெறுமனே ஊசியைத் தூக்கி மறுபடி தொடக்கத்தில் வைத்தேன். கைப்பிடியைச் சுற்ற மறந்துபோனேன்.

பாதிக்கு மேல் ஸ்பிரிங் தீர ஆரம்பித்தது. மத்தளம் தொய்ந்தது. ராஜாவின் குரல் தூக்கக் கலக்கம் மாதிரி இறங்கியது. அவர் மூச்சு வாங்கினார். பின்னாலிருந்து, குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி, ஒரு குரல் வந்தது.

"ஆ…மாம்."

அம்மா அழுத்தவில்லை. அவர் கை என்னைப் போலவே அசையாமல் நின்றுவிட்டது. அப்பாவின் முதுகுதான் அசைந்தது.

"அப்பா," என்றார் அப்பா.

பிளேட் நின்றது.

பித்தளைக் குழல் மெஷினில் அவர் கேட்டதாகச் சொன்னது இதைத்தான். மேற்பக்கம் அவ்வளவு தேய்ந்திருந்தும், அந்த மழைக்குள்ளும், இறங்கிப்போன குரல் அவரை எட்டியிருக்கிறது. நான்தான் நிறுத்தினேன். அந்தக் காலத்துத் திருவிழா மைக்செட்டிலும் ஸ்பிரிங் இப்படித்தான் சோர்ந்திருக்க வேண்டும். அவர் வாழ்நாள் முழுக்க நெஞ்சைத் தட்டிக் காட்டியது ஓடித் தளர்ந்த ஒரு மெஷினின் குரலை.

நான் ஸ்பிரிங்கை ஏற்றினேன். தட்டுக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைக்கும் சின்ன நெம்புகோல் ஒன்று உண்டு. அதைக் கீழே இழுத்தேன். எந்த வேகத்தில் பாடினாரோ அந்த வேகத்தில் கேட்டால்தான் அது அந்த ஆளின் குரல். அது எனக்குத் தெரியும். இன்னும் கீழே இழுத்தேன்.

ராஜா தன் நாட்டைப் பற்றி மெதுவாக, மிக மெதுவாகச் சொன்னார். ஆமாம். யானைகளைப் பற்றிச் சொன்னார். ஆமாம். ஒவ்வொரு ஆமாமுக்கும் அப்பா உள்ளேயிருந்து தலையாட்டினார், பதில் அவருக்கு வந்ததுபோல.

"இந்தக் கொரலுதான?" என்று கேட்டார். ரகசியம்போல. டெம்போக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இதான? நா சொன்னேன் இல்ல?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்குக் கை எழவில்லை. அம்மா அவருடைய மணிக்கட்டை விட்டுவிட்டு, தன் உள்ளங்கையை விரித்து நெஞ்சுக்கு நேரே காட்டினார்.

டெம்போக்காரர் ஒருவர், "தூக்கலாமா சார்?" என்றார். அப்பாவுக்கு அது கேட்கவில்லை. ஊசி கடைசி வரிக்கு வந்து சும்மா சுற்றியது. அவர் பெட்டிக்குள்ளிருந்து தலையை எடுக்காமல், கையை மட்டும் மேலே தூக்கி, சுழற்றினார்.

நான் கைப்பிடியைச் செருகிச் சுற்றத் தொடங்கினேன்.